யார் மன்னன்? மன்னன் எதற்கு? – ‘உத்தமபுத்திரன்’, ‘நாடோடி மன்னன்’: ஓர் ஒப்பாய்வு

1958ஆம் ஆண்டில், ஒரே முகம் கொண்ட இருவர் ஒரே அரியணையைச் சுற்றி வரும் கதை தமிழ்த் திரைக்கு இரண்டு முறை வந்தது. பிப்ரவரி 7ஆம் தேதி வீனஸ் பிக்சர்ஸின் ‘உத்தமபுத்திரன்’ வெளியானது. அதில் சிவாஜி கணேசன் பார்த்திபனாகவும் விக்கிரமனாகவும் நடித்தார். ஆகஸ்ட் 22ஆம் தேதி எம்.ஜி.ஆரின் சொந்தத் தயாரிப்பான ‘நாடோடி மன்னன்’ வெளியானது. அதில் அவர் வீராங்கன், மார்த்தாண்டன் என்று இரு வேடம் ஏற்றார்; இயக்குநராகவும் அவருக்கு அதுவே முதல் படம். ஜெமினியின் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ வந்ததும் அதே ஆண்டில்தான். கறுப்பு வெள்ளை ராஜா ராணிக் கதைகள் உச்சத்தில் இருந்த காலம் அது.

சிவாஜியா எம்.ஜி.ஆரா என்ற பட்டிமன்றத்துக்காக இந்த இரண்டு படங்களையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே சூழ்ச்சியில் தொடங்கி, வேறு வேறு கேள்விகளில் போய் நிற்கின்றன. ‘உத்தமபுத்திரன்’ கேட்பது, அரியணையில் உட்கார உரியவன் யார் என்று. ‘நாடோடி மன்னன்’ கேட்பது, அரியணை எதற்கு இருக்கிறது என்று. முதல் கேள்வியைக் கேட்ட படம் கலையில் தேர்ந்தது. இரண்டாவது கேள்வியைக் கேட்ட படம் சரித்திரத்துக்குள் நடந்து போனது. அந்தச் சரித்திரத்தை மிகப் பக்கத்திலிருந்து பார்த்த ஊர்களில் ஒன்று வரதய்யபாளையம்.

எல்லை நகர்ந்த காலம்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போய், தடாவில் மேற்கே திரும்பினால் வரதய்யபாளையம் வரும். நேற்றுவரை சித்தூர் மாவட்டம். 2022இலிருந்து திருப்பதி மாவட்டம். உப்பலமடுகு அருவிக்குப் போகிறவர்களும் ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் இந்த வட்டாரத்தை நன்கு அறிவார்கள். வீட்டில் ஒரு மொழியும் கடைத்தெருவில் ஒரு மொழியுமாகப் பேசுவது இங்கே யாருக்கும் புதிதில்லை.

1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிரிந்தபோது எல்லைத் தகராறு தீரவில்லை. திருத்தணிக்காக ம.பொ.சி. தலைமையில் போராட்டம் நடந்தது. எல்லைத் தகராறைத் தீர்க்கப் படாஸ்கர் அளித்த தீர்ப்புக்குப் பின் 1959இல் எல்லை மாற்றச் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு எதிரீடாகச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களிலிருந்து பல கிராமங்கள் ஆந்திரத்துக்குப் போய், சத்தியவேடு என்ற புதிய தாலுகா உருவானது. வரதய்யபாளையம் சார்ந்திருக்கும் வட்டாரம் இதுதான்.

அதாவது, இந்த இரண்டு படங்களும் வெளியான 1958இல் சத்தியவேடு வட்டாரத்தின் பெரும்பகுதி இன்னும் சென்னை மாநிலத்தில் இருந்தது. இரண்டே ஆண்டில் நிலம் அசையாமல் அரசு மாறியது. பட்டா எழுதும் மொழியும் மனு கொடுக்கும் கச்சேரியும் மாறின. உழுகிறவர்களும் விளைவிக்கிறவர்களும் மாறவில்லை. ஆளுகிறவர் மாறும்போது ஆளப்படுகிறவருக்கு என்ன மாறுகிறது என்ற கேள்வி இங்கே வாழ்க்கையிலேயே எழுந்தது. இரண்டு படங்களையும் எடைபோட இதைவிட நல்ல தராசு கிடைக்காது.

படங்களும் எல்லை தாண்டியவைதான். ‘உத்தமபுத்திரன்’ தெலுங்கில் ‘வீர பிரதாப்’ என்ற பெயரிலும், ‘நாடோடி மன்னன்’ ‘அநகனகா ஒக ராஜு’ என்ற பெயரிலும் மொழிமாற்றம் ஆயின. ‘உத்தமபுத்திர’னை இயக்கிய தாதினேனி பிரகாஷ் ராவ் தெலுங்கர். அதில் அரசியாக வந்த கண்ணாம்பாவும், ‘நாடோடி மன்ன’னில் மதனாவாக வந்த பானுமதியும் தெலுங்கு மண்ணில் பிறந்து இரு மொழியிலும் கோலோச்சியவர்கள். மாநிலம் பிரிந்தபின்னும் படப்பிடிப்புத் தளங்கள் சென்னையில் ஒன்றாகவே இருந்தன.

ஒரே தலைப்பில் தொடங்கிய போட்டி

கதையின் வேர் பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் தூமாவிடம் இருக்கிறது. அரசனோடு பிறந்த இரட்டையனை இரும்பு முகமூடி போட்டுச் சிறையில் அடைத்த கதை அவருடையது. 1939இல் ஜேம்ஸ் வேல் அதை ஹாலிவுட்டில் படமாக்கினார். அடுத்த ஆண்டே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த 1940ஆம் ஆண்டின் ‘உத்தமபுத்திரன்’ அது. தமிழில் ஒரு நாயகன் இரு வேடம் ஏற்ற முதல் படம் என்று அதைச் சொல்வார்கள்.

பதினாறு பதினேழு ஆண்டுகள் கழித்து அதே படத்தை மறுபடி எடுக்க இரண்டு தரப்பு முனைந்தது. வீனஸ் பிக்சர்ஸ் சிவாஜியை வைத்து அறிவித்தது, எம்.ஜி.ஆரும் அதே தலைப்பை அறிவித்தார். மாடர்ன் தியேட்டர்ஸிடம் உரிமை வாங்கியிருந்தது வீனஸ்தான் என்பதால் எம்.ஜி.ஆர். விலகிக்கொண்டார். விலகியவர் வேறு மூலத்தைப் பிடித்தார். ஆந்தனி ஹோப் 1894இல் எழுதிய ‘தி பிரிஸனர் ஆஃப் ஜெண்டா’ நாவலில், பட்டாபிஷேகத்துக்கு முன் மயக்கமுற்ற அரசனுக்குப் பதிலாக அவனைப்போலவே இருக்கும் வெளியாள் ஒருவன் அரியணையில் உட்காருகிறான். இளம் வயதில் படப்பிடிப்புக்காகக் கல்கத்தா போயிருந்தபோது எம்.ஜி.ஆர். பார்த்த ‘இஃப் ஐ வேர் கிங்’ என்ற படமும் அவர் மனதில் தங்கியிருந்தது. தான் அரசனானால் என்ன செய்வேன் என்று பேசிய கவிஞனிடம் உண்மையாகவே சில நாள் அதிகாரம் வந்து சேரும் கதை அது.

இரண்டு படங்களின் வேறுபாடு முழுவதும் இந்த மூலத் தேர்விலேயே அடங்கியிருக்கிறது. தூமாவின் கதையில் அரியணைக்கு வரும் மாற்றாள் அரச ரத்தம். ஹோப்பின் கதையில் அவன் வெளியாள். எம்.ஜி.ஆர். ஒரு படி மேலே போய், அந்த வெளியாளை முடியாட்சியையே எதிர்த்துப் போராடுகிற வீராங்கனாக ஆக்கினார். உரிமை கிடைக்காமல் போனதுதான் அவரைத் தன் கதையிடம் கொண்டு சேர்த்தது என்று சொல்லலாம்.

சூழ்ச்சிக்காரன் எங்கே நிற்கிறான்

அரண்மனைக் கதையின் உயிர் சூழ்ச்சி. யார் சூழ்ச்சி செய்கிறான் என்று பார்த்தால், படம் எதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது என்பது தெரிந்துவிடும்.

‘உத்தமபுத்திர’னின் சூழ்ச்சிக்காரன் நாகநாதன், அரசியின் உடன்பிறந்தவன். அந்த வேடத்தில் எம்.என். நம்பியார். அரசிக்கு இரட்டைக் குழந்தை பிறக்கும்போது ஒன்றை ஒழித்துவிடக் கட்டளையிடுகிறான்; மற்றொன்றான விக்கிரமனைத் தன் கைக்குள் வைத்து வளர்க்கிறான். குடியும் கூத்துமாக மருமகனைப் பழக்கிவிட்டால் ஆட்சி மாமன் கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. நம் குடும்பங்களில் தாய்மாமன் நிற்கும் இடம் எவ்வளவு பெரியது என்று யோசித்தால் இந்தத் துரோகத்தின் கனம் புரியும். மருமகனுக்கு நல்லது கெட்டது சொல்ல வேண்டியவனே அவனைக் கெடுக்கிறான். இங்கே நோய் வீட்டுக்குள் இருக்கிறது. குடும்பம் சீரானால் நாடும் சீராகிவிடும் என்று படம் நம்புகிறது.

‘நாடோடி மன்ன’னில் ரத்னபுரியின் சூழ்ச்சிக்காரர் ராஜகுரு. அந்த வேடத்தில் பி.எஸ். வீரப்பா. அவர் அரசனுக்கு உறவினர் இல்லை. அரசனை ஆட்டிவைக்கும் பதவியில் இருக்கிறவர். பட்டாபிஷேகத்துக்கு முந்தைய இரவில் மார்த்தாண்டனை வீழ்த்தத் திட்டமிடுகிறார். பிறகு அவனைக் கடத்தித் தீவில் சிறைவைக்கிறார். இவருக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1950இல் கலைஞர் மு. கருணாநிதியின் வசனத்தில் வந்த ‘மந்திரி குமாரி’யிலும் கெடுமதியாளர் ராஜகுருதான், அந்த வேடத்தைச் செய்தவர் இதே நம்பியார். அரியணைக்குப் பின்னால் நின்று மதத்தின் பெயரால் ஆளும் கையைக் காட்டிக்கொடுப்பது திராவிட இயக்கப் படங்களின் பழக்கம். ‘நாடோடி மன்னன்’ அந்த மரபில் வந்தது. இங்கே நோய் ஒருவனிடம் இல்லை, அமைப்பில் இருக்கிறது. ராஜகுருவை ஒழித்தாலும் இன்னொரு ராஜகுரு வருவார் என்று வீராங்கனுக்குத் தெரியும்.

இரண்டு படத்திலும் நம்பியார் இருக்கிறார் என்பதும் ஒப்பிடத் தக்கது. ஒன்றில் நாகநாதனாகக் காய் நகர்த்துகிற மூளை; மற்றதில் பிங்கலனாக ஏவிய வேலையைச் செய்கிற கை. சூழ்ச்சியின் இரு முனைகளையும் ஒரே ஆண்டில் ஒரே நடிகர் காட்டியிருக்கிறார்.

ஒரு நடிகர், இரண்டு ஆள்

கணினி இல்லாத காலத்தில் ஒரே நடிகரை ஒரே சட்டகத்தில் இரண்டாகக் காட்டுவது சாதாரண வேலை இல்லை. லென்ஸின் ஒரு பாதியை மறைத்து, நடிகரை இன்னொரு பாதியில் நிறுத்திப் படம்பிடிப்பார்கள். பிறகு கேமராவுக்குள்ளேயே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, திறந்திருந்த பாதியை மறைத்து, உடை மாற்றி வந்த அதே நடிகரை மறுபடி எடுப்பார்கள். இரண்டு தடவைக்கும் நடுவில் கேமரா ஒரு மயிரிழை நகரக் கூடாது. விளக்கின் வெளிச்சம் மாறக் கூடாது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது. காற்றோடு பேசிய வசனம், பிறகு தன்னோடு தானே பேசியதாக ஆக வேண்டும்.

‘உத்தமபுத்திர’னில் இந்தப் பொறுப்பு ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்டுக்கு. தமிழில் ஜூம் லென்ஸை முதலில் பயன்படுத்திய படம் என்று இதைக் குறிப்பிடுவார்கள். ஆனால் அந்தத் தந்திரங்கள் எல்லாம் அமைந்தும், இரண்டு பேரையும் இரண்டு பேராக நம்பவைத்தது சிவாஜியின் உடல். ‘யாரடி நீ மோகினி’ பாட்டைப் பாருங்கள். ஜி. ராமநாதனின் மேற்கத்திய தாளத்துக்கு டி.எம். சௌந்தரராஜனின் குரல், திரையில் ஹெலனும் ஆடுகிறார். நடுவில் விக்கிரமன். கால்கள் தாளத்துக்கு முந்தி ஓடுகின்றன. தோள் ஒரு பக்கம் சாய்கிறது. தனக்கு வேண்டியதைக் கேட்டுப் பழக்கமே இல்லாதவனின் மிதப்பு கண்ணில் நிற்கிறது. ஆடுகிற பெண்களைவிட அவனை அவனே ரசிக்கிறான். ஒரு நாட்டை ஆளத் தகுதியற்றவன் எப்படி இருப்பான் என்று வசனத்தில் சொல்லாமல் நடையில் சொன்ன காட்சி அது.

அதே ஆள் பார்த்திபனாக வரும்போது முதுகு நிமிர்கிறது, கை அடங்குகிறது, பேச்சு அளவோடு வருகிறது. ஒழிக்கச் சொல்லியும் பிழைத்து அரண்மனைக்கு வெளியே வளர்ந்தவன் அடுத்தவர் முகம் பார்த்துப் பேசப் பழகியிருக்கிறான். இருவரும் ஒரே உடையில் நின்றாலும், நிற்கும் விதத்தை வைத்தே பிரித்துச் சொல்லிவிடலாம். இரும்பு முகமூடி ஒருவன் முகத்திலிருந்து இன்னொருவன் முகத்துக்கு மாறும்போது படத்தின் வாதம் தெளிவாகிறது: முகம் ஒன்றுதான், குணம்தான் வேறு. வளர்ப்பு குணத்தைத் தருகிறது, குணம் தகுதியைத் தருகிறது. வசனம் எழுதிய ஸ்ரீதர் அடுத்த ஆண்டே ‘கல்யாண பரிசு’ எடுத்து, ஆளின் அக உலகத்தைப் பேசும் இயக்குநராக வளர்ந்தவர். அரசகுமாரர் கதையிலும் அவர் கண் மனிதரின் மேலேயே இருந்தது.

‘நாடோடி மன்ன’னில் எம்.ஜி.ஆர். வேறு வழியில் போகிறார். மார்த்தாண்டனும் வீராங்கனும் நடையாலோ குரலாலோ பெரிதாகப் பிரிவதில்லை. இதைக் குறை என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. நடிப்புக் கணக்கில் அது நியாயம்தான். ஆனால் கதைக்கு அந்த ஒற்றுமை உதவுகிறது. மார்த்தாண்டன் கெட்டவன் இல்லை. மக்களுக்கு நல்லது செய்ய விரும்புகிறவன்தான். அரசனை விரட்ட வந்தவனும் அரசனும் ஒரே முகத்தோடு எதிரெதிரே நின்று பேசும்போது, பார்க்கிறவர் முகத்தையோ குணத்தையோ ஒப்பிட முடியாது. ஒருவன் மாளிகையில் நிற்கிறான், இன்னொருவன் தெருவில் நிற்கிறான் என்பதுதான் மிஞ்சுகிறது. நல்ல அரசன் வந்தால் போதாதா என்ற வாதத்தை நல்ல அரசனைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே மறுப்பது எளிதான காரியம் இல்லை. ‘உத்தமபுத்திரன்’ அந்தச் சிக்கலைத் தொடவே இல்லை. அதன் விக்கிரமன் தொடக்கத்திலிருந்தே கெட்டவன்.

வண்ணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘உத்தமபுத்திரன்’ முழுக்கக் கறுப்பு வெள்ளை. ‘நாடோடி மன்னன்’ மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம். அரண்மனைச் சூழ்ச்சி கறுப்பு வெள்ளையில் நடக்கிறது, கதை தீவுக்குப் போய் சரோஜாதேவியின் ரத்னா வரும் பகுதி கேவா கலரில் வருகிறது. முழுப் படத்தையும் வண்ணத்தில் எடுக்க ஆகும் செலவு முக்கியக் காரணமாக இருந்திருக்கும். காரணம் எதுவாக இருந்தாலும், சதி நடக்கும் இடத்துக்கு நிழலும் விடுதலை பிறக்கும் இடத்துக்கு நிறமும் வாய்த்தன.

அரசிகளும் காதலிகளும்

‘உத்தமபுத்திர’னில் பத்மினியின் அமுதவல்லி மந்திரி வீட்டுப் பெண். அவளை இருவருமே விரும்புகிறார்கள். அவள் மனம் பார்த்திபனிடம். ஒரே முகம் கொண்ட இருவரில் யாரைத் தேர்வது என்று அவளுக்கு ஒரு நிமிடமும் குழப்பம் இல்லை. அரசவை காணாத வேறுபாட்டைக் காதலி கண்டுகொள்கிறாள். கண்ணாம்பாவின் அரசி கதையின் நெஞ்சு. இழந்த மகனுக்கும் கெட்ட மகனுக்கும் நடுவே நிற்கும் தாயாக, இதை ராஜ்யக் கதையிலிருந்து குடும்பக் கதையாகத் திருப்புகிறவர் அவர்தான்.

‘நாடோடி மன்ன’னில் பெண்கள் மூவர். பானுமதியின் மதனா போராட்டக்காரனின் துணை. படத்தின் முன்பாதியில் எம்.ஜி.ஆருக்கு நிகராக நின்று பேசும் ஒரே ஆள் அவர். எம்.என். ராஜத்தின் மனோகரி, மார்த்தாண்டனின் மனைவி. சரோஜாதேவியின் ரத்னா தீவில் வளர்ந்த பெண். இவர்களில் மனோகரியிடம்தான் படம் தன் நாயகனைச் சோதிக்கிறது. கணவன் என்று நம்பி வரும் அரசியிடம் வீராங்கன் உண்மையைச் சொல்லி, அவளைத் தங்கையாக ஏற்று, உன் கணவனை மீட்டுத் தருவேன் என்று வாக்குக் கொடுக்கிறான். அரியணையை எடுத்துக்கொண்டவன் அரியணையோடு வருகிற எதையும் தனதாக்கிக்கொள்ள மறுக்கிறான். பொதுச்சொத்தைக் காப்பவனுக்கு இருக்க வேண்டிய ஒழுக்கம் எது என்று காட்டும் காட்சி அது. ஆனாலும் மதனா நடுவழியில் இறந்துபோவது படத்துக்குப் பெரிய இழப்பு. போராட்டத்தில் பங்காளியாக இருந்த பெண் போய், மீட்கப்பட வேண்டிய பெண் வருகிறாள்; பின்பாதி அந்த அளவுக்கு மெலிகிறது.

அரியணையில் உட்கார்ந்த பிறகு

இரண்டு படங்களும் பிரிகிற இடம் இதுதான். ‘உத்தமபுத்திர’னில் பார்த்திபன் அரியணை ஏறுவது முடிவு. கெட்டவன் அழிந்தான், நல்லவன் முடிசூடினான், சுபம். அவன் எப்படி ஆண்டான், வரியை என்ன செய்தான், நிலத்தை யாருக்குக் கொடுத்தான் என்று படம் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இல்லை என்று நினைக்கிறது. உரியவன் உரிய இடத்துக்கு வந்துவிட்டால் நாட்டுக்கு வேறென்ன வேண்டும்?

‘நாடோடி மன்ன’னில் வீராங்கன் அரியணை ஏறுவது நடுப்பகுதி. அமைச்சர்கள் கேட்டுக்கொண்டதால் அரசனாக நடிக்க ஒப்புகிறான்; ஒப்பும்போதே மக்களுக்கு நல்ல சட்டம் கொண்டுவர உரிமை கேட்கிறான். அப்புறம் வருவது அந்தக் காலத்து ராஜா ராணிப் படத்தில் யாரும் எதிர்பார்க்காத காட்சி. வாள் இல்லை, நடனம் இல்லை. அரசன் சபையில் நின்று சட்டங்களை ஒவ்வொன்றாக அறிவிக்கிறான். உழுகிறவனின் உரிமை, எல்லோருக்கும் கல்வி, பெண்ணுக்குப் பாதுகாப்பு. ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையை அரண்மனைத் தூண்களுக்கு நடுவே வைத்துப் படித்ததுபோல இருக்கிறது. கண்ணதாசனும் ரவீந்தரும் எழுதிய வசனத்தில் அரசியல் மறைந்திருக்கவில்லை, நேராகவே பேசுகிறது. எம்.ஜி.ஆர். சார்ந்திருந்த தி.மு.க. 1957இல் முதல்முறையாகத் தேர்தலில் நின்று 15 இடங்களில் வென்றிருந்த நேரம் அது. படத்தைத் தயாரித்த எம்ஜியார் பிக்சர்ஸின் சின்னத்திலேயே அந்தக் கட்சியின் கறுப்பு சிவப்புக் கொடி பறந்தது.

கடைசியில் மார்த்தாண்டன் மீட்கப்படுகிறான். முடியாட்சியின் இடத்தில் மக்களாட்சிக்கு வழி திறக்கிறது. தலைப்பில் மன்னன் இருந்தும், மன்னர் வேண்டாம் என்று முடிகிற படம் இது. எல்லைக் கோடு ஊரைத் தாண்டிப் போனதைப் பார்த்த சத்தியவேட்டுக்காரருக்கும் வரதய்யபாளையத்துக்காரருக்கும் இந்த வாதம் விளக்கம் இல்லாமலே புரியும். ஆளும் மொழியும் ஆளும் ஊரும் மாறினால் போதாது. ஏரிக்குத் தண்ணீரும் நிலத்துக்கு உரிமையும் பிள்ளைக்குப் படிப்பும் வந்தால்தான் ஆட்சி மாறியதற்குப் பொருள்.

திரைக்கு வெளியே

எம்.ஜி.ஆர். 1977இல் தமிழ்நாட்டின் முதலமைச்சர் ஆனார். அந்தப் பக்கத்தில், 1955இலேயே ‘ஜெயசிம்ஹா’வில் அரண்மனைச் சூழ்ச்சியை எதிர்த்த இளவரசனாக நடித்த என்.டி. ராமராவ் 1982இல் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி, 1983 ஜனவரியில் ஆந்திர முதலமைச்சர் ஆனார். அந்தத் தேர்தலில் அவர் குடிவாடாவோடு திருப்பதியிலும் வென்றார். திரையில் முடிசூடிய இருவர் எல்லையின் இரு பக்கத்திலும் ஒரே காலத்தில் ஆண்டார்கள்.

அந்த 1983இலேயே தெலுங்கு கங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்ரீசைலத்திலிருந்து கிருஷ்ணா நீரை ராயலசீமா வழியாகக் கண்டலேறுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கால்வாய் மூலம் சென்னைக்கு ஆண்டுக்கு 12 டிஎம்சி தருவது திட்டம். அந்தக் கால்வாய் சத்தியவேடு வட்டாரத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டைப் பக்கம் ஜீரோ பாயின்ட்டில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து பூண்டி ஏரிக்குப் போகிறது. முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996இல். எம்.ஜி.ஆர். 1987இலும் ராமராவ் 1996 ஜனவரியிலும் மறைந்துவிட்டார்கள். இருவருமே அதைப் பார்க்கவில்லை. ஆனால் 1960இல் எல்லை பிரித்த அதே நிலத்தின் வழியே ஒரு வாய்க்கால் இரண்டு மாநிலத்தையும் சேர்த்தது. வீராங்கன் சபையில் வாசித்த சட்டங்களுக்குப் பக்கத்தில் வைக்கத் தக்க காரியம் இது.

சிவாஜியும் அரசியலுக்கு வந்தார். 1988இல் தனிக் கட்சி கண்டார். 1989இல் திருவையாற்றில் நின்று தோற்றார். நடிகனாக அவர் மேல் வைத்திருந்த அன்பில் குறைவில்லாத மக்கள், ஆட்சியை மட்டும் அவரிடம் கொடுக்கவில்லை. இதற்கு அரசியல் காரணங்கள் பல இருந்தாலும், படங்களைப் பார்த்தாலும் ஒரு காரணம் புரிகிறது. சிவாஜி ஒவ்வொரு வேடத்திலும் வேறொருவராக மாறிப்போனார். அதுதான் அவர் மேன்மை. எம்.ஜி.ஆர். எல்லா வேடத்திலும் எம்.ஜி.ஆராகவே இருந்தார். வீராங்கன் கொடுத்த வாக்கை எம்.ஜி.ஆர். கொடுத்த வாக்காகவே மக்கள் வாங்கிக்கொண்டார்கள்.

இதில்தான் ‘நாடோடி மன்ன’னின் பெரிய குறையும் இருக்கிறது. மன்னர் வேண்டாம் என்று சொன்ன படம் மக்களுக்கு ஒரு மன்னரைக் கொடுத்தது. ரத்னபுரியில் சட்டம் எழுதும்போது மக்கள் எங்கே? சபைக்கு வெளியே நின்று கேட்கிறார்கள், கைதட்டுகிறார்கள். உரிமை அவர்கள் எடுத்துக்கொண்டதாக வருவதில்லை. நல்லவர் ஒருவர் கொடுத்ததாக வருகிறது. படம் தான் எழுப்பிய கேள்வியைக் கடைசிவரை பின்தொடரவில்லை. அதன் விளைவை இரண்டு மாநிலங்களும் பல பத்தாண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

முடிவாக

படம் என்ற அளவில் ‘உத்தமபுத்திரன்’ உயர்ந்தது. காட்சிக்குக் காட்சி கதை இறுகி நிற்கிறது. வின்சென்டின் ஒளியும் ராமநாதனின் இசையும் ஸ்ரீதரின் வசனமும் சிவாஜியின் இரட்டை உடலும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன. நடிப்பு கற்க வருகிறவர்களுக்கு விக்கிரமனையும் பார்த்திபனையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் பாதிப் பாடம் முடிந்துவிடும். ‘நாடோடி மன்னன்’ நீளமானது; பின்பாதியில் கதை தீவுக்குப் போய்த் திரும்ப வெகுநேரம் ஆகிறது; இரட்டை வேடத்தில் நுணுக்கம் குறைவு.

ஆனாலும் இரண்டில் ஒன்றை இன்றைய இளைஞருக்கு முதலில் காட்டச் சொன்னால், நான் ‘நாடோடி மன்ன’னையே காட்டுவேன். ஆளத் தகுந்தவன் யார் என்று தேடுவது நமக்கு ஏற்கனவே நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தேர்தலிலும் அதைத்தான் செய்கிறோம். ஆட்சி எதற்கு, அதில் நம் பங்கு என்ன என்று கேட்பதில் இன்னும் பழக்கப்படவில்லை. அந்தக் கேள்வியைக் கொட்டகையில் தரையில் உட்கார்ந்து பார்த்த மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தப் படம். படம் பாதியில் விட்ட பதிலை முடிக்க வேண்டியவர் எந்த நாயகரும் இல்லை. கிராம சபையில் எழுந்து நின்று கால்வாய்த் தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கணக்குக் கேட்கும் வரதய்யபாளையத்துக்காரரும் ஊத்துக்கோட்டைக்காரரும்தான் அந்தப் பதிலை எழுதப்போகிறவர்கள்.